.308 போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்கு நெக் சைசிங் டையை எவ்வளவு இறக்கி வைக்க வேண்டும்?

கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். அவர் ரைபிள் ரெமிங்டன் 700 (போல்ட்டைக் கையால் இழுத்து மூடும் வகை), தோட்டா .308 வின்செஸ்டர். "ஃபுல் லெங்த் டை மாதிரியே ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை இறக்கி, இன்னும் கொஞ்சம் திருகினால் போதுமா? லூப் தடவ வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். டை என்பது பிரஸ்ஸில் திருகி மாட்டும், கேஸை அளவாக்கும் அச்சு; ஃபுல் லெங்த் டை கேஸ் முழுவதையும் அளவாக்கும். ஷெல் ஹோல்டர் கேஸின் அடியைப் பிடிப்பது, லூப் என்றால் மசகு.

முதலில் சட்டம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா ரீலோடு செய்ய (சுட்ட கேஸில் புது பிரைமர், பவுடர், புல்லட் வைத்து மறுபடி தோட்டாவாக்க) மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பவருக்குத்தான் தேவை. இந்தியாவில் உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதை வெறும் தகவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சுட்ட பித்தளை கேஸ் உங்கள் ரைபிளின் சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறைக்கு) ஏற்றபடி விரிந்து, அதன் அச்சாகவே வெளியே வருகிறது. அந்த உடலையும் தோளையும் (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) தொடாமல், புல்லட்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்குவதுதான் நெக் சைசிங். அதனால் அதே ரைபிளில் சுட்ட கேஸாக இருக்க வேண்டும், ரைபிளும் போல்ட் ஆக்‌ஷனாக இருக்க வேண்டும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோவுக்கு இது வேண்டவே வேண்டாம். அங்கே தோட்டா தடையில்லாமல் உள்ளே போய்ப் போல்ட் முழுதாகப் பூட்ட வேண்டும், அதற்கு ஃபுல் லெங்த்தான் சரி.

எவ்வளவு இறக்குவது என்பது உங்களிடம் எந்த வகை டை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டையைச் சுற்றுக் கணக்கில் மட்டும் வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால், சுற்றுக் கணக்கு ஆரம்பத்துக்கு மட்டும். முடிவைச் சொல்ல வேண்டியது விட்டம் அளக்கும் காலிப்பர். (இனி 'தௌ' என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, லேத் பட்டறையில் சொல்கிற அதே தௌ.)

எக்ஸ்பாண்டர் பால் (கழுத்தை உள்ளிருந்து அளவுக்கு விரிக்கும் குண்டு) வைத்த சாதாரண நெக் டை என்றால், ராமை (ஷெல் ஹோல்டரைத் தூக்கும் பிரஸ்ஸின் தண்டை) மேலே ஏற்றி, டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவே ஒரு நிக்கல் காசு நுழையும் அளவு இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். அந்தக் காசின் தடிமன் 1.95 மில்லிமீட்டர். டையின் மரை அங்குலத்துக்கு 14 என்பதால் ஒரு சுற்று 1.81 மில்லிமீட்டர். ஆக, ஏறக்குறைய ஒரு சுற்று மேலே இருக்கிறீர்கள். இப்போது கேஸின் கழுத்தை மார்க்கர் பேனாவால் சுற்றிலும் கறுப்பாக்கி (பழைய ஆட்கள் மெழுகுவர்த்திப் புகையில் காட்டுவார்கள்) டைக்குள் ஏற்றி இறக்குங்கள். வாயிலிருந்து எதுவரை மை தேய்ந்திருக்கிறதோ அதுவரை கழுத்து இறுகியிருக்கிறது. எட்டில் ஒரு சுற்றாக இறக்கிக்கொண்டே போனால் தேய்ந்த எல்லை தோளை நோக்கி நகர்வது கண்ணுக்குத் தெரியும். தோளுக்கு மேல் ஒரு மெல்லிய கறுப்பு வளையம் மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடலாம். அந்த இறுகாத வளையம் சேம்பரில் தோட்டாவை நடுவில் நிறுத்த உதவும் என்று பலர் சொல்வார்கள். அது எவ்வளவு உதவுகிறதோ, தோளை இடிக்காமல் இருப்பது நிச்சயம் நல்லது.

இந்த வகையில் லூப் தேவை, ஆனால் கழுத்துக்கு உள்ளே. வெளியே வரும்போது எக்ஸ்பாண்டர் பால் கழுத்தைக் கீச்சென்று இழுத்தால் கழுத்து கோணிவிடும். சின்ன பிரஷ்ஷில் உலர் மைக்கா அல்லது கிராஃபைட் பொடி போதும்.

புஷ்ஷிங் டையில் (கழுத்தை இறுக்கும் வளையத்தை மாற்றிக்கொள்ளலாம், அதுதான் புஷ்ஷிங்) இறக்கத்தைவிடப் புஷ்ஷிங் அளவுதான் முக்கியம். பவுடரும் பிரைமரும் இல்லாமல், புல்லட் மட்டும் பொருத்திய டம்மி ஒன்றைச் செய்து அதன் கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 336 தௌ வந்தால் 334 அளவுப் புஷ்ஷிங்கில் ஆரம்பிக்கலாம். கேஸ் பிராண்டுக்குப் பிராண்டு கழுத்துத் தடிமன் மாறும், அடுத்தவர் சொன்ன எண்ணை அப்படியே வாங்காதீர்கள். டீகேப்பிங் ராடை (பழைய பிரைமரைத் தள்ளும் கம்பியை) முழுக்க இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்துங்கள். டையைக் காதருகே ஆட்டினால் புஷ்ஷிங் லேசாகக் கலகலக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் அது மிதக்கவில்லை, கழுத்தின் போக்குக்கு ஏற்ப நடுவில் வந்து நிற்காது.

லீ காலெட் டைதான் பலரைக் குழப்புவது, எனக்குப் பிடித்ததும் அதுதான். இதில் கழுத்துக்குள் மேண்ட்ரல் என்ற உருளைக் கம்பி நிற்கும், வெளியிலிருந்து காலெட்டின் (பிளவுகள் கொண்ட குழாயின்) விரல்கள் கழுத்தை அதன்மேல் அழுத்தும். கரும்பு மிஷின் மாதிரி இழுத்துப் பிழிவதில்லை, நின்ற இடத்திலேயே அமுக்குவதுதான். எனவே லூப் தேவையே இல்லை. ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை திருகி, ராமை இறக்கிவிட்டு, இன்னும் ஒரு முழுச் சுற்று. அப்புறம் கேஸை வைத்து லீவரை அழுத்தினால், லீவர் தன் எல்லையில் முட்டுவதற்கு முன்பே காலெட் இறுகி நிற்பது கையில் தெரிய வேண்டும். லீ சொல்வது சுமார் 25 பவுண்டு அழுத்தம், அதாவது 11 கிலோ. தொங்கி அழுத்தினால் மேலே உள்ள அலுமினிய மூடியின் மரைதான் பிய்யும்.

கேஸ் இல்லாமல் மட்டும் இந்த டையை அழுத்திவிடாதீர்கள். காலெட் விரல்கள் குறுகி அப்படியே நின்றுவிடும், அடுத்து வரும் கேஸ் அதில் இடித்து நசுங்கும். சரியாக அழுத்திய கழுத்தில் மெல்லிய நீளக்கோடுகள் தெரியும், பயப்பட வேண்டாம். கேஸை லேசாகத் திருப்பி இன்னொருமுறை அழுத்தினால் சீராகிவிடும். எவ்வளவு அழுத்தியும் புல்லட் லூசாக இருந்தால் இன்னும் பலத்தைக் காட்டுவதில் அர்த்தமில்லை. ஒன்றிரண்டு தௌ சிறிய மேண்ட்ரல் வாங்கிப் போடுங்கள்.

எந்த டையானாலும், அதை இடத்தில் பூட்டும் லாக் ரிங்கை இறுக்கும்போது ஒரு கேஸ் டைக்குள் முழுக்க ஏறிய நிலையில் இருக்கட்டும். மரையில் இருக்கும் சிறு ஆட்டம் அப்போது நேராகி, டை ராமோடு ஒரே கோட்டில் உட்காரும்.

கழுத்துப் பிடிமானம் இரண்டு தௌ இருந்தால் நல்ல தொடக்கம். அதாவது, புல்லட் ஏறியபின் கழுத்தின் வெளிவிட்டம், ஏறாத கழுத்தைவிட இரண்டு தௌ அதிகம்.

கடைசியாக ஒன்று, கேட்டவர் கேட்காதது. சில தடவை சுட்டபின் போல்ட் மூடும்போது கனமாக இருக்கும். உடலும் தோளும் சேம்பரை நிறைத்துவிட்டன என்று அர்த்தம். டையைத் திருகிப் பயனில்லை, அது அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. ஒரு பாடி டையோ (கழுத்தை விட்டு உடலையும் தோளையும் அளவாக்குவது) ஃபுல் லெங்த் டையோ வைத்துத் தோளை ஒன்றிரண்டு தௌ பின்னுக்குத் தள்ளினால் மறுபடி எளிதாக மூடும். 6 PPC ரகத் தோட்டா சுடும் பெஞ்ச்ரெஸ்ட் ஆட்களில் (ரைபிளை மேசையில் தாங்கவைத்துத் துல்லியப் போட்டியில் சுடுபவர்கள்) பலர் இப்போது ஒவ்வொரு தடவையும் ஃபுல் லெங்த்தான் செய்கிறார்கள். வேட்டைக்கு எடுத்துப் போகிற தோட்டாவுக்கு நானும் அதையே செய்வேன்: மான் எதிரே நிற்கும்போது போல்ட்டோடு மல்லுக்கட்ட யாருக்கும் ஆசை இருக்காது. நெக் சைசிங் ரேஞ்சில் காகிதத்தைச் சுடுவதற்கு.