மடிப்பு விரிகிறது, பூ கருகுகிறது: வாசகர் கேள்வி-பதில்

காகிதத்திலும் துணியிலும் வீட்டிலேயே அலங்காரப் பொருள்கள் செய்வது பற்றி வந்த கேள்விகளில், பசையைக் குறை சொன்னவைதான் அதிகம். பசை பாவம். பல வேலைகள் கத்தரியை எந்தத் திசையில் வைத்தோம் என்பதிலேயே கெட்டுப்போகின்றன.

கேள்வி: ஏ4 தாளை 10 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, விசிறிபோல மடித்து, இரண்டு பட்டைகளை ஒட்டி வட்டமாக்கினேன். வட்டம் மூடவே இல்லை. இழுத்து மூடினால் நடுப்பகுதி கூம்புபோல எழும்புகிறது. அளவில் தவறா, என் கையில் தவறா?

அளவில்தான். பட்டையின் அகலம் 10 செ.மீ. என்றால், விரிந்த வட்டத்தின் ஆரமும் 10 செ.மீ. அதன் சுற்றளவு ஏறக்குறைய 63 செ.மீ. உங்கள் இரண்டு பட்டைகளையும் மடிப்பே இல்லாமல் நீட்டி வைத்தாலும் 59 செ.மீ.தான் வரும். எப்படி மூடும்? மூன்று பட்டை வேண்டும். பட்டையின் மொத்த நீளம் அகலத்தைப்போல எட்டு மடங்காவது இருக்கட்டும். ஆறேகால் மடங்குக்குக் கீழே போனால் வட்டம் மூடவே மூடாது.

மூன்று பட்டைகளிலும் ஒரு முனையில் 1.2 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு, 28.5 செ.மீ. நீளம் வைத்துக்கொள்ளுங்கள். 1.5 செ.மீ. மடிப்பாக மடித்தால் ஒரு பட்டைக்குச் சரியாக 19 பட்டங்கள் (மடிப்புகளுக்கு இடையிலான தட்டைப் பகுதிகள்) கிடைக்கும். இந்த ஒற்றைப்படை எண் முக்கியம். ஒரு பட்டையின் கடைசிப் பட்டமும் அடுத்த பட்டையின் முதல் பட்டமும் ஒரே சாய்வில் இருந்தால்தான் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டும். இரட்டைப்படையாக வந்தால் சேருமிடத்தில் இரண்டு மேடுகள் அடுத்தடுத்து நிற்கும். அங்கே மட்டும் வட்டம் வாய் பிளக்கும்.

கூம்பாக எழும்புவதற்குக் காரணம், அத்தனை மடிப்புகளும் நடுவில் ஒரே புள்ளிக்கு வந்து நெருக்குவது. வட்டத்தை மேசையில் நிறுத்தி, வெளி விளிம்பை இரு கைகளாலும் வளைத்துப் பிடித்தபடி நடுவை உள்ளங்கையால் அழுத்துங்கள். படிந்ததும் பின்பக்கம் 4 செ.மீ. அட்டை வட்டத்தைப் பசைத் துப்பாக்கியில் உருக்கிய சூடான பசையால் ஒட்டி, பசை ஆறும்வரை கையை எடுக்காதீர்கள். பசையை நம்ப மனமில்லையென்றால் இன்னொரு வழி: ஒட்டுவதற்கு முன்பே, உள் விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி எல்லா மடிப்புகளுக்கும் சேர்த்து ஊசியால் ஒரு துளை போட்டு, கெட்டி நூல் கோத்து, கடைசியில் இழுத்து முடிச்சுப் போடலாம். அது வருடக்கணக்கில் நிற்கும்.

80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாளுக்கு இது போதும். 180க்கு மேற்பட்ட சார்ட் என்றால் மடிப்புக்கு முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை அளவுகோல் வைத்து அழுத்தி ஓட்டிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மடிப்பு முதுகு வெடித்து வெள்ளை நார் தெரியும்.

கேள்வி: வண்ணத்தாளை அட்டையில் வெள்ளைப் பசையால் ஒட்டினால், காய்ந்த பிறகு அட்டையே வில்போல வளைந்துவிடுகிறது. பசையை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம், குறைத்துத் தடவுங்கள். வெள்ளைப் பசையில் நீர் இருக்கிறது. காகித நார் நீரைக் குடித்தால் நீளத்தில் அவ்வளவாக நீளாது, குறுக்கில் பருக்கும். அதனால் ஒட்டும்போது தாள் ஒரு திசையில் விரிகிறது. காயும்போது அதே திசையில் சுருங்கி அட்டையையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்தத் தாளிலிருந்து 5 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டுங்கள். எந்த விளிம்பு தாளின் நீளப் பக்கம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒரு முகத்தில் மட்டும் ஈர விரலால் தடவி உள்ளங்கையில் வையுங்கள். சில நொடிகளில் அது குழாய்போலச் சுருளும். குழாய் நீண்டு கிடக்கும் திசைதான் நாரின் திசை. அட்டைக்கும் இதைச் செய்து பார்த்து, இரண்டின் நாரும் ஒரே பக்கம் ஓடும்படி வைத்து ஒட்டுங்கள். நார் ஓடும் திசையில் மடித்தால் மடிப்பும் கத்தி விளிம்புபோல விழும்.

பசையைப் பழைய அட்டைத் துண்டால் வழித்து மெல்லிய படலமாக்குங்கள். ஒட்டியதன்மேல் மெழுகுத்தாள் போட்டு, தட்டையான பலகையும் கனமான புத்தகங்களும் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். அட்டை மெல்லியதாக இருந்தால் பின்பக்கமும் அதே தாளை ஒட்டிவிடுவதே நல்லது; இரண்டு பக்கமும் சமமாக இழுக்கட்டும். டிஷ்யூ பேப்பருக்கு மட்டும் வெள்ளைப் பசை கிட்டவே வேண்டாம், குச்சிப் பசைதான்.

கேள்வி: க்ரேப் பேப்பர் ரோஜாவில் இதழ் குழியவே மாட்டேன் என்கிறது. கட்டை விரலால் இழுத்தால் கிழிகிறது.

இதழைப் படுக்க வைத்து வெட்டியிருப்பீர்கள். க்ரேப் பேப்பரில் தெரியும் சுருக்கக் கோடுகள் இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓட வேண்டும். அந்தத் தாள் கோடுகளுக்குக் குறுக்கே மட்டுமே நீளும். சரியாக வெட்டிய இதழின் வயிற்றில் இரு கட்டை விரல்களையும் வைத்துப் பக்கவாட்டில் ஒரே ஒரு முறை இழுத்தால் கிண்ணம்போலக் குழியும். மறுபடி மறுபடி இழுக்காதீர்கள். ஒருமுறை விரிந்த சுருக்கம் திரும்பாது. 60 கிராம் க்ரேப் குழிந்தாலும் சற்று நேரத்தில் தொய்ந்துவிடும். ரோஜாவுக்கு 140 அல்லது 180 கிராம் வாங்குங்கள்.

கேள்வி: டிஷ்யூ பேப்பர் பந்து ஒரு பக்கம் சப்பையாக நிற்கிறது. பிரிக்கும்போது கிழிகிறது.

35 × 50 செ.மீ. தாள்கள் எட்டை அடுக்கி, மடிப்புக் கோடுகள் 35 செ.மீ. பக்கத்துக்கு இணையாக வரும்படி 3 செ.மீ. விசிறி மடிப்பு போடுங்கள். 35 செ.மீ. நீளக் கட்டு கிடைக்கும். பந்தின் விட்டமும் அதுவே. 50 செ.மீ. பந்துக்கு எட்டுத் தாள் போதாது, பன்னிரண்டு வேண்டும்.

கட்டின் சரிபாதியில் இரு ஓரத்திலும் சின்ன வெட்டு போட்டு மெல்லிய கம்பியைச் சுற்றுங்கள். கம்பி நழுவக் கூடாது, தாளை நெரிக்கவும் கூடாது. நெரித்தால் அடித்தாள் விரிய இடமில்லாமல் கிழியும். சப்பையாவது பெரும்பாலும் அரை செ.மீ. தள்ளிக் கட்டுவதாலும், தாள்களைச் சமமாகப் பங்கிடாததாலும்தான். நான்கு தாள் மேலே, நான்கு கீழே. ஒவ்வொரு தாளையும் நுனியில் பிடித்து இழுக்காமல், விரலை மடிப்புக்குள் கம்பிவரை விட்டு அடியிலிருந்து தூக்குங்கள். அவசரப்பட்டால் டிஷ்யூ பேப்பர் மன்னிக்காது.

கேள்வி: ஆறு முனை நட்சத்திரம் வெட்ட நினைத்தால் எனக்கு எட்டு முனைதான் வருகிறது.

பாதி பாதியாகவே மடித்துக்கொண்டு போனால் நான்கும் எட்டும்தான் வரும். சதுரத்தைக் குறுக்காக ஒருமுறை மடித்து முக்கோணமாக்குங்கள். நீள விளிம்பின் நடுப்புள்ளியை மையமாக வைத்து அதை மூன்று சம பங்காக, பங்குக்கு 60 பாகையாக மடியுங்கள். பிறகு ஒருமுறை பாதி. 12 அடுக்கு இருக்கும். 80 ஜி.எஸ்.எம். தாளில் கத்தரி திணறும், மெல்லிய தாள் எடுங்கள்.

கேள்வி: சாட்டின் பூ செய்ய, இதழ் ஓரத்தை மெழுகுவர்த்தியில் காட்டினால் கறுத்துப் போகிறது. சில துணி எரிந்தே போகிறது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. எரிந்து போனது பருத்தியாகவோ பட்டாகவோ இருக்கும். இந்த வித்தைக்கு உருகும் துணிதான் வேண்டும், அதாவது பாலியஸ்டர். சந்தேகமிருந்தால் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து ஓர் உலோகத் தட்டின்மேல் கொளுத்துங்கள். பருத்தி நூல் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் நசுக்க முடியாத கெட்டி மணியாக நிற்கும். அந்த மணி வந்தால் துணி சரியானது.

கறுப்பது புகைக்கரி. சுடரின் மஞ்சள் நுனியில் காட்டினால் கரி படியத்தான் செய்யும். சுடரின் அடிப்பகுதிக்குப் பக்கவாட்டில், 2 செ.மீ. தள்ளி, துணியை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். சுடர் துணியைத் தொடவே கூடாது. திரி நீளமாக இருந்தாலும் புகையும், 5 மி.மீ. அளவுக்கு வெட்டிவிடுங்கள்.

நடுத்தரப் பூவுக்கு 10, 9, 8, 7, 6 செ.மீ. விட்டத்தில் ஐந்து வட்டங்கள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஓரத்திலிருந்து மையம் நோக்கி நான்கு வெட்டு, மையத்தைச் சுற்றி 1.5 செ.மீ. விட்டுவிட்டு. வெட்டின் இரு கரைகளையும் சேர்த்துச் சூடு காட்டினால்தான் இதழ் பிரிந்து சுருளும். அடுக்கும்போது ஒவ்வொரு வட்டத்தையும் கொஞ்சம் திருப்பி, மேல் வட்டத்தின் இதழ் கீழ் வட்டத்தின் வெட்டை மறைக்கும்படி வையுங்கள்.

உருகிய பாலியஸ்டர் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். இடுக்கியால் பிடியுங்கள், ஈரத் துண்டு ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள், சன்னலைத் திறந்துவிடுங்கள். குழந்தைகளோடு சேர்ந்து செய்கிற வேலையல்ல இது.

கேள்வி: சூடான பசையால் ஒட்டிய ரிப்பன் பூக்கள் சன்னலோரத்தில் தானாக விழுகின்றன.

வெயிலில் அந்தப் பசை இளகும், அது அதன் குணம். சாட்டின் வழவழப்பானதால் பிடிப்பும் குறைவு. அந்த இடத்துக்கு இரண்டு தையல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: துணி வட்டத்தைச் சுற்றித் தைத்து இழுத்துச் செய்யும் சுருக்குப் பூவில் நடு ஓட்டை பெரிதாகவே இருக்கிறது. இன்னும் நெருக்கமாகத் தைத்தும் சரியாகவில்லை.

நெருக்கமாகத் தைத்ததுதான் தவறு! 11 செ.மீ. விட்ட வட்டத்தில் ஓரம் 5 மி.மீ. மடித்தால் 10 செ.மீ. நிற்கும், சுற்றளவு 31 செ.மீ. தையலும் இடைவெளியும் தலா 3 மி.மீ. என்றால், இழுக்கும்போது 52 கொசுவம் விழும். அத்தனை துணியும் ஒரே துளைக்குள் எப்படி அடங்கும்? 8 மி.மீ. தையலாகப் போட்டால் 20 கொசுவம்தான், துளை கிட்டத்தட்ட மூடிவிடும். பூ முடிவில் 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும்.

மடித்த ஓரத்துக்கு மிக அருகில், 2 மி.மீ. உள்ளே, ஓட்டுத் தையல் போடுங்கள். உள்ளே தள்ளிப் போனால் ஓரம் கொடுக்குபோல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நூல் இரட்டையாக இருக்கட்டும். முதல் முடிச்சு துணியின் உள்பக்கம் வர வேண்டும். கெட்டித் துணி இதற்கு ஆகாது. மெல்லிய பருத்தியே போதும்.

கேள்வி: 4 மீட்டர் சுவருக்குத் துணியில் முக்கோணக் கொடித் தோரணம் தைக்க வேண்டும். எத்தனை கொடி, எவ்வளவு துணி, நாடா எவ்வளவு?

முக்கோணத்தை 20 செ.மீ. அடியும் 24 செ.மீ. உயரமுமாக வெட்டுங்கள். 1 செ.மீ. தையல் விட்டு, இரட்டையாகத் தைத்துத் திருப்பினால் மேலே சுமார் 18 செ.மீ. அகலமும், 21 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான உயரமும் மிஞ்சும். கூரான நுனி மட்டும் இரண்டரை செ.மீ.க்கு மேல் தின்றுவிடுகிறது. பலரும் இதை மறந்துவிட்டு, கொடி குட்டையாகிவிட்டதே என்பார்கள். 2 செ.மீ. இடைவெளியில் 20 கொடிகள் 398 செ.மீ. பிடிக்கும்.

முன்னும் பின்னும் சேர்த்து 40 துண்டுகள். 110 செ.மீ. அகலத் துணியில் ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக வைத்தால் ஒரு வரிசைக்கு 9 கிடைக்கும். ஐந்து வரிசை, 120 செ.மீ. ஒன்றே கால் மீட்டர் வாங்குங்கள். ஒரே திசையில் பார்க்கும் அச்சு போட்ட துணியானாலும் இந்த அளவே போதும்: நேராக வந்தவை முன்பக்கம், தலைகீழாக வந்தவை பின்பக்கம்.

முக்கோணத்தின் நடுக்கோடு துணியின் கரைக்கு இணையாக, அதாவது பாவு நூலோடு ஓட வேண்டும். சாய்ந்த இரு பக்கங்களும் எப்படியும் குறுக்கில் விழுவதால் இழுத்தால் நீளும். மெஷினில் துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். இரு பக்கமும் மேலிருந்து நுனி நோக்கியே தையுங்கள். தையல் 2.5 மி.மீ., கடைசி 2 செ.மீ.க்கு மட்டும் 1.5 மி.மீ. நுனியில் ஒரே தையல் குறுக்கே போட்டு முடியுங்கள். அந்த ஒரு தையல் இல்லையென்றால் நுனி கூராகத் திரும்பாது, உருண்டை கட்டும். உபரித் துணியை நுனியருகே வெட்டிவிட்டுத் திருப்பி இஸ்திரி போடுங்கள்.

நாடா விஷயத்தில் ஒரு வேடிக்கை. நடுவில் 30 செ.மீ. தொங்க வேண்டுமென்றால் 4 மீட்டருக்கு வெறும் 6 செ.மீ. கூடுதல் போதும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 40 செ.மீ. கூட்டினால் நடுப்பகுதி கிட்டத்தட்ட 80 செ.மீ. இறங்கி ஆளின் முகத்தில் இடிக்கும். 406 செ.மீ., கட்டுவதற்கு இருபுறமும் 40 செ.மீ., ஆக 486. 5 மீட்டர் நாடா வாங்கலாம். கிராஸ் டேப் (துணியைக் குறுக்குச் சாய்வில் வெட்டிய நாடா) வேண்டாம். அது வளைவுக்கு உரியது, நேராகத் தொங்கவிட்டால் நாளாக நாளாக நீண்டு தொய்யும். 2.5 செ.மீ. நேர் நாடாவை நீளவாக்கில் மடித்து, கொடியின் மேல் ஓரத்தை 1 செ.மீ. உள்ளே செருகித் தையுங்கள்.

கேள்வி: செய்து முடித்தவற்றை அடுத்த வருடத்துக்கு எப்படி எடுத்து வைப்பது?

விசிறி வட்டங்களைத் தட்டையாக, இடையில் ஒரு தாள் போட்டு அடுக்கலாம். க்ரேப் பூக்களையும் டிஷ்யூ பந்துகளையும் அழுத்தக் கூடாது. உயரமான அட்டைப் பெட்டியின் மூடியில் நூல் கட்டித் தொங்கவிட்டு மூடுங்கள். ஈரம் வாங்கினால் க்ரேப் தொய்யும், சாயமும் அடுத்ததில் ஏறும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். வெயிலில் வெளுத்த தாளுக்கு வைத்தியமில்லை. விளக்கோடு சேர்த்துத் தொங்கவிடுவதென்றால் எல்.இ.டி. மட்டும், அதுவும் தாள் பல்பைத் தொடாதபடி.