ஐநூறு ரூபாய் மொய் வைக்கக் கூச்சமாக இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 61. கோவையில் ஒரு பம்ப் கம்பெனி மெஷின் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, ஃபோர்மேனாகப் போன வருஷம் ஓய்வு பெற்றேன். கடைசிச் சம்பளம் 42,000. பி.எஃப்., கிராஜுவிட்டியில் மகள் கல்யாணக் கடனை அடைத்தது போக, 20 லட்சத்தைப் போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறேன். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 வருகிறது. பென்ஷன் 4,800. சொந்த வீடு. சென்னையில் இருக்கும் மகன் மாதாமாதம் பணம் அனுப்புகிறேன் என்றான், நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன்.

மனைவி நோட்டுப் போட்டு, மாதம் 18,000க்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட்டாள். மளிகை, பால், கேஸ், கரண்ட், எங்கள் இருவருக்கும் பிரஷர், சுகர் மாத்திரை 2,200, என் கைச்செலவுக்கு 1,500. எந்தக் குறையும் இல்லை. ஆனால் எனக்குத்தான் முடியவில்லை.

சாயங்காலம் பேக்கரியில் நாலு பேர் டீ குடிப்போம். ஆளுக்கு ஒரு நாள் காசு கொடுப்பது வழக்கம். என் முறை வருகிற நாளில் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். போன மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணம். முன்பெல்லாம் 2,000 எழுதுகிற கை. இந்த முறை அவள் கவரில் 500 வைத்தாள். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன், அவள் மட்டும் போய்வந்தாள். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று ஒன்று வந்தால் என்ன செய்வது என்றே ஓடுகிறது. ஹாலில் ஃபேன் சும்மா ஓடினால் கத்துகிறேன். "முப்பது வருஷமா நான் இப்படித்தான் குடும்பம் நடத்தறேன், உங்களுக்கு இப்பத்தான் தெரியுதுங்களா" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

ஒரு மில்லில் ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். 12 மணி நேர டியூட்டி. போகட்டுமா?

— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள ஐயா,

முதலில் அந்த டீக்கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு டீ 15 ரூபாய் என்றால் நாலு பேருக்கு 60. மாதத்தில் ஏழெட்டு நாள் உங்கள் முறை வரும். 500 கூட ஆகாது. உங்கள் கைச்செலவுப் பணத்திலேயே அது அடங்குகிறது. அப்படியும் அந்த நாளில் வீட்டிலேயே இருக்கிறீர்கள் என்றால், உங்களைத் தடுப்பது காசுத் தட்டுப்பாடு இல்லை. "மனைவி கொடுத்த காசு" என்கிற நினைப்புத்தான்.

இத்தனை வருஷம் வீட்டுச் செலவுக்கு எண்ணிக் கொடுத்தது நீங்கள். கொடுத்ததற்குள் குடும்பம் நடத்தியது அவர். மீதியை என்ன செய்வது என்பது உங்கள் இஷ்டம். கொடுக்கிற ஆளாகவே இருந்துவிட்டு, வாங்கிக்கொள்கிற இடத்தில் போய் உட்கார்ந்தால் யாருக்கும் கை கூசத்தான் செய்யும். ஓய்வு பெற்ற ஆண்கள் நிறையப் பேர் இதே சங்கடத்தோடுதான் என்னிடம் வருகிறார்கள். பலர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஃபேன் சுவிட்ச்மேல் காட்டுவார்கள்.

இன்னொன்று, அந்த நோட்டு முழுக்க அவர் கையெழுத்து. ஒன்றாம் தேதி இருவரும் சேர்ந்து உட்காருங்கள். மொய்க்கணக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், முழுப்பொறுப்பும் உங்களுடையதாக இருக்கட்டும். மகள் கல்யாண மொய் நோட்டு வீட்டில் இருக்குமே, எடுத்துப் பாருங்கள். 2,000 வைத்தவருக்குத் திருப்பி அதைச் செய்துதான் ஆக வேண்டும், 500 வைத்தவர் வீட்டுக்கு 500 எந்த விதத்திலும் குறைவில்லை. மாதம் 800 ஒதுக்கினால் வருஷத்துக்கு 9,600. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, அப்போது சேர்வது ஆவணிக்கும் தைக்கும் ஆகும். அந்த 800க்கு மாத்திரைச் செலவைப் பாருங்கள். மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலோ பிரஷர், சுகர் மாத்திரை இலவசமாகவே கிடைக்கும். அரசாங்க மாத்திரை வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்!

சண்டை வந்த நாட்களையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வட்டி வந்த மாதம் தாராளமாகவும் மூன்றாவது மாதம் இழுபறியாகவும் போகிறதா? 41,000 மொத்தமாகக் கையில் வந்தால் அப்படித்தான் ஆகும். அதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மாதம் 13,600 மட்டும் செலவுக் கணக்குக்கு மாறும்படி வங்கியில் சொல்லி வைத்துவிடுங்கள். மூன்று மாதமும் ஒரே சீராக ஓடும்.

மூன்று மணி பயத்துக்கு வருகிறேன். உங்கள் பட்ஜெட்டில் ஆஸ்பத்திரி என்று ஒரு வரியே இல்லை. அதனால்தான் அந்தக் கணக்கை மனசு தூக்கத்தில் போட்டுப் பார்க்கிறது. போஸ்ட் ஆபீஸ் பணம் ஒரேயடியாகப் பூட்டிக் கிடக்கவில்லை. ஒரு வருஷம் முடிந்துவிட்டால் அசலில் 1.5 சதவீதமும், இரண்டு வருஷத்துக்குப் பிறகு 1 சதவீதமும் பிடித்துக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். மகன் கேட்டதையும் மறுபடி யோசியுங்கள். மாதப்பணம் வேண்டாம் என்றால் சரி, உங்கள் இருவருக்கும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை அவன் கட்டட்டும். அவனுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கும் இல்லையா?

தூக்கம் கெடுவது, ஆட்களைப் பார்க்கவே பிடிக்காமல் போவது, எதிலும் நாட்டமில்லாமல் இருப்பது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் தொடர்ந்தால் பட்ஜெட்டோடு நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வாட்ச்மேன் வேலை வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிரஷரும் சுகரும் உள்ள உடம்பு, ஏற்கெனவே தூக்கம் இல்லை. ராத்திரி முழுக்க ஒரு கேட் பக்கத்தில் தனியாக உட்கார்ந்தால் இதே யோசனைதான் விடிய விடிய ஓடும். கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறைகளில் பையன்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கக் கைதேர்ந்த ஆள் தேவைப்படுகிறதா என்று விசாரியுங்கள். பகலில், அரை நாள் போதும். அடுத்த வட்டி வரும்வரை முதலில் இந்தக் கணக்கை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பட்டறைக்குப் போவதா வேண்டாமா என்று உங்கள் வீட்டம்மாவையும் கேட்டு முடிவெடுங்கள்.