சிறிய நூலகத்துக்கும் வீட்டுப் பாவனைக்கும் பொருத்தமான இலவச மென்பொருட்கள் எவை?

மட்டக்களப்பில் ஒரு பிரதேச சபை நூலகம், ஏறத்தாழ 6,000 புத்தகங்கள், விண்டோஸ் உள்ள ஒரே ஒரு கணினி. காசு செலவில்லாமல் கணினிமயப்படுத்த வேண்டும், வீட்டுக்கும் பாடசாலைக்கும் உதவுகிற கருவிகளையும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளைத் தெரிவு செய்வது ஒரு பின்னேர வேலை. தமிழ்த் தரவை ஒழுங்காக ஏற்றுவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். அதில் பிழைத்தால் எந்த மென்பொருளாலும் புத்தகத்தைத் தேடித்தர முடியாது. அதனால் இந்தப் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

யாரைக் கேட்டாலும் கோஹா என்பார்கள். நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பாவனைக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. பல்கலைக்கழகத்துக்கும் பல கிளைகள் உள்ள மாநகர சபைக்கும் அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அதற்கு டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ் போட்ட தனிக் கணினியும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். உங்கள் நிலைக்கு நான் சொல்வது ஸ்லிம்ஸ். இந்தோனேசியாவில் உருவானது, இதுவும் கட்டற்றது. விண்டோஸில் ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பை நிறுவி அதற்குள் வைத்தால் போதும், பிரவுசரில் வேலை செய்யலாம். ஸ்லிம்ஸின் ஒவ்வொரு பதிப்பும், ஸாம்போடு சேர்ந்து வரும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் குறிப்பிட்ட பதிப்பை எதிர்பார்க்கும். அதைப் பார்த்து அதற்கேற்ற ஸாம்பை இறக்குங்கள். ஆகப் புதியதை இறக்கிவிட்டு, வெள்ளைத் திரை வருகிறதே என்று தவிப்பவர்கள்தான் அதிகம்.

இரண்டுமே இணையம் இல்லாமல் இயங்கும். வாசகர் தேடுவதற்கு இன்னொரு கணினி கிடைத்தால் ஒரே ரூட்டரில் இணைத்துவிடலாம். அப்போது பிரதான கணினிக்கு ரூட்டரில் நிலையான ஐபி முகவரியை ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் ரூட்டர் வேறு முகவரி கொடுத்துவிடும், மற்றக் கணினிக்குப் பட்டியல் திடீரெனத் தெரியாமல் போகும்.

இனித் தரவு. மென்பொருளுக்குள் நேரடியாகத் தட்டச்சிடத் தொடங்காதீர்கள். எக்செல் அல்லது லிப்ரே ஒபிஸ் கல்க்கில் பதிவேட்டு இலக்கம், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், இடம், ஆண்டு, ஐஎஸ்பிஎன், வகுப்பெண், பிரதி எண்ணிக்கை என்று நிரல்களை வைத்து, ஒரு எழுத்தும் அடிக்கும் முன்பே எல்லா நிரல்களையும் ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் 978955 என்றோ 978624 என்றோ தொடங்கும் இலங்கை ஐஎஸ்பிஎன்கள் 9.78955E+12 என்பது போல அடுக்கு எண்ணாகச் சுருங்கிவிடும். 070 என்ற இதழியல் வகுப்பு 70 ஆகும், 005.133 என்பது 5.133 ஆகும். சேமிக்கும்போது எக்செல்லில் சாதாரண சிஎஸ்வி (நிரல்களைக் கமாவால் பிரிக்கும் கோப்பு வடிவம்) வேண்டாம். ‘சிஎஸ்வி யூடிஎப்-8’ என்று தனியாக இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும், கோப்பை மூடிய பின் அதை மீட்கவே முடியாது.

பழைய பட்டியல் ஏற்கெனவே தட்டச்சாகி இருந்தால் அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். எழுத்துருவை விண்டோஸின் லதாவாக மாற்றினால் மட்டும் அது யூனிகோட், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, ஆகிவிடாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி–யூனிகோட் மாற்றியில் ஒட்டி எடுக்க வேண்டும். ஆங்கிலத் தலைப்புகளைச் சேர்த்து ஒட்டினால் அவையும் பொருளற்ற தமிழாக மாறும். ஆகவே தமிழ் வரிகளை முதலில் பிரித்தெடுங்கள்.

யூனிகோடிலும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகள் உண்டு, பட்டியல்களை ஆக அதிகம் கெடுப்பவை இவையே. ‘கௌரி’ என்பதை ஔகாரக் குறியோடும் அடிக்கலாம், கொம்பும் ‘ள’ எழுத்துமாக ‘கெளரி’ என்றும் அடிக்கலாம். ஔவை, ஒளவை இரண்டும் அப்படித்தான். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. இதை ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று ஒரே அழுத்தில் திருத்தாதீர்கள். தெளிவும் வெள்ளமும் கெளுத்தியும் சேர்ந்து சிதையும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ஸ்ரீ இன்னும் மோசம். ‘ஸ’ வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ வைத்தும் எழுதலாம், பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். உங்கள் வாசகர்கள் போனில் அடிக்கும்போது எது வருகிறதோ அதையே நூலகத்தின் வழக்காக வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிவிடுங்கள். இதில் மொத்தமாக மாற்றுவதால் பாதகமில்லை. காலுக்குப் (ா) பதில் ‘ர’ அடித்திருப்பதையும் கவனியுங்கள்.

பிறகு பெயர்கள். காரைதீவில் பிறந்த அடிகளாரையே எடுங்கள். அட்டைகளில் விபுலாநந்தர், விபுலானந்தர், சுவாமி விபுலாநந்தர், விபுலாநந்த அடிகள் என்று பலவாறு இருக்கும். நம் மாவட்டத்து நூலகத்தில் அவருடைய நூல்கள் நான்கு இடத்தில் சிதறிக் கிடப்பது சரியில்லை. ஒரு வடிவத்தைத் தலைமை வடிவமாகத் தீர்மானித்து ஆசிரியர் நிரலில் அதை மட்டும் இடுங்கள். தலைப்புப் பக்கத்தில் உள்ளபடியான வடிவம் குறிப்பில் இருக்கட்டும். கோஹாவில் இதற்கென்றே அதிகாரக் கோப்பு (தலைமை வடிவங்களின் பட்டியல்) இருக்கிறது, மற்ற வடிவங்களை ‘பார்க்க’ வடிவங்களாக அங்கே சேர்த்து, தேடலில் அவற்றையும் உள்ளடக்கும் அமைப்பை இயக்கினால் எதைத் தேடினாலும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும்.

இந்தத் துப்புரவுக்கு ஓபன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். அதுவும் பிரவுசரில் திறக்கும், ஆனால் உங்கள் கணினிக்குள்ளேயே ஓடுகிறது, எதுவும் வெளியே போகாது. ஆசிரியர் நிரலில் ‘டெக்ஸ்ட் ஃபேசட்’ போட்டால் ஒவ்வொரு வடிவமும் எத்தனை தடவை வந்தது என்று வரிசையாகக் காட்டும். ‘கிளஸ்டர்’ பகுதியில் ‘நியரஸ்ட் நெய்பர்’ முறையைத் தெரிவு செய்தால் ஓரிரு எழுத்து வேறுபடும் பெயர்களைச் சேர்த்துத் தரும். தலைப்பெழுத்து மட்டும் வேறுபடும் இரண்டு ஆசிரியர்களையும் ஒருவராகக் காட்டும் என்பதால் பார்த்துத்தான் இணைக்க வேண்டும்.

தரவை ஏற்றும்போது நிரல்களை எந்த வரிசையில் வைப்பது என்று ஊகிக்க வேண்டாம். ஸ்லிம்ஸில் இரண்டு புத்தகங்களைக் கையால் பதிந்து, ‘எக்ஸ்போர்ட்’ செய்து, அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். நிரல் வரிசையும் ஆசிரியர் பெயரைச் சுற்றி வரும் கோண அடைப்பும் அங்கே தெரியும். அப்படியே உங்கள் தாளை அமைத்து, முதலில் 20 வரியை மட்டும் ஏற்றிச் சோதியுங்கள். கோஹாவுக்கென்றால் நடுவில் மார்க்எடிட் என்ற இலவச மென்பொருளால் தாளை மார்க் (நூலகப் பட்டியல்களுக்கான பொது வடிவம்) பதிவுகளாக மாற்ற வேண்டும். அதில் பிரதி விவரம் வரும் 952ஆம் புலத்தை விட்டுவிட்டால் தலைப்பு வரும், பிரதி வராது, இரவல் கொடுக்கவும் முடியாது.

பார்கோட் ஸ்டிக்கரை அச்சிடும்போது அளவை 100 வீதமாக வைக்கவும். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று இருந்தால் வரிசைக்கு வரிசை நழுவி, கடைசி வரிசையில் கோடு வெட்டுப்படும்.

யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். திடீரென்று கரண்ட் போனால் ஸாம்பில் உள்ள மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் கோப்புகள் பழுதாகி, மறுநாள் அது தொடங்காமல் போகலாம். ஸ்லிம்ஸின் தரவுத்தளப் பிரதியை நாளாந்தம் வேலை முடிய எடுங்கள். அந்தப் பிரதியில் அட்டைப் படங்களும் இணைத்த பிடிஎப்களும் வராது, அந்தக் கோப்புறைகளை வேறாக நகலெடுக்க வேண்டும். ஒன்று பென் டிரைவில், இன்னொன்று வேறு ஊரில் அல்லது இணையத்தில். கல்லடியிலோ கல்முனையிலோ கரையோர நூலகமாக இருந்தால் அந்த இரண்டாவது பிரதி செங்கலடி, அம்பாறை போல உள்ளே எங்காவது இருக்கட்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட கரைக்கு இதை விளக்கத் தேவையில்லை. கார்த்திகை, மார்கழி வெள்ளக் காலத்தில் கணினியை நிலத்தில் வைக்காதீர்கள். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தால்தான் அது நல்ல பிரதியா என்று தெரியும்.

பழைய மலர்கள், கோயில் சிறப்பிதழ்கள், பிரதேசச் சஞ்சிகைகளை ஸ்கேன் செய்ய முன்னர் நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களை ஏற்றி வருகிறார்கள், நீங்கள் தேடுவது அங்கே இருக்கக்கூடும். இலங்கைச் சட்டப்படி (2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம்) பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை. விபுலாநந்தர் 1947இல் மறைந்தார், ஆகவே அவர் எழுத்துக்கு 2017உடன் முடிந்துவிட்டது. உயிரோடு இருப்பவரின் நூலுக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஸ்கேனுக்கு நாப்ஸ்2. 300 டிபிஐ, சாம்பல் நிறம். அதற்குள்ளேயே டெசராக்ட் எழுத்துணரி வரும், மொழிகளில் தமிழை இறக்கிக்கொண்டால் தேடக்கூடிய பிடிஎப் கிடைக்கும். பழைய வடிவ ணை, லை, றா உள்ள அச்சில் அது தடுமாறும். அப்படியான பக்கங்களுக்கு கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, வலது கிளிக்கில் கூகுள் டொக்ஸாகத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அதைவிட நன்றாக வரும். ஒரு படம் 2 எம்பிக்குள் இருக்கட்டும். இரண்டு பத்திப் பக்கங்களைப் பத்திவாரியாக வெட்டி ஏற்றாவிட்டால் வரிகள் ஒன்றோடொன்று பின்னிவிடும்.

வீட்டுக்கும் பாடசாலைக்கும் சுருக்கமாக. தட்டச்சுக்கு கீமேன். பாமினி விசைக்குப் பழகியவர்கள் அதே விசைகளில் யூனிகோடை அடிக்கலாம், புதிதாகப் பழக வேண்டியதில்லை. போனில் கூகுள் விசைப்பலகையின் குரல் தட்டச்சில் ‘தமிழ் (இலங்கை)’ என்று தனியே இருக்கிறது, அதைத் தெரிவு செய்யுங்கள். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவருக்கு, உசாத்துணைகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் ஸோட்டெரோ. தமிழ் ஆசிரியரைச் சேர்க்கும்போது பெயரை ஒற்றைப் புலமாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் தகப்பன் பெயரையும் சொந்தப் பெயரையும் இடம் மாற்றி அச்சிடும். இணையம் இல்லாத பாடசாலைக்கு, இறக்கிய இணையத் தளங்களை வாசிக்க உதவும் கிவிக்ஸ். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு தடவை இறக்கி, பென் டிரைவில் எல்லாக் கணினிக்கும் கொடுக்கலாம். பிடிஎப் இணைக்க, வெட்ட, சுருக்க பிடிஎப்24. அதன் இணையப் பக்கத்தை விட்டு, கணினியில் நிறுவும் பதிப்பை எடுங்கள். காணி உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் ஸ்கேன்களை எந்த இணையத் தளத்திலும் ஏற்றிச் சுருக்காதீர்கள்.