கல்விக் கடனில் படிக்கும்போது ஸ்கூபா டைவிங் கிளப்பில் சேரலாமா?

கேள்வி: என் சொந்த ஊர் தூத்துக்குடி. கடற்கரையிலேயே வளர்ந்தும் கடலுக்குள் இறங்கிப் பார்த்ததில்லை. இப்போது இங்கிலாந்தில் பிளைமவுத் நகரில் ஓராண்டு முதுகலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். 11 சதவீத வட்டியில் வாங்கிய கல்விக் கடனில்தான் வந்தேன். வங்கி விடுவிக்க வேண்டிய தொகையில் இன்னும் சுமார் 2 லட்சம் ரூபாய் பாக்கி இருக்கிறது. பகுதிநேர வேலையில், எல்லாச் செலவும் போக மாதம் 90 பவுண்டு மிஞ்சுகிறது. பல்கலைக்கழக டைவிங் கிளப்பில் உறுப்பினர் கட்டணமும் பயிற்சியும் சேர்த்து 180 பவுண்டு கேட்கிறார்கள். ஈஸ்டர் விடுமுறையில் 850 பவுண்டில் எகிப்துக்குப் பயணம் போகிறார்கள். சொந்தமாகச் சாதனங்கள் வாங்குவதுதான் நல்லது என்று சீனியர் ஒருவர் சொல்கிறார். 1,100 பவுண்டுக்கு ஒரு முழு செட் விற்பனைக்கு இருக்கிறது. கடன் பாக்கியை எடுத்து வாங்கிவிடலாமா? இதை வைத்துப் பின்னால் சம்பாதிக்க முடியுமா? சிறு வயதில் எனக்கு வீசிங் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: கிளப்பில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் அந்த 180 பவுண்டை உங்கள் மாத மிச்சத்திலிருந்து கொடுங்கள். கடன் பாக்கியைத் தொடாதீர்கள். சாதனமும் எகிப்தும் இந்த ஆண்டுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வீசிங். பணம் கட்டுவதற்கு முன்பே கிளப்பிடம் உடல்நலச் சுய அறிவிப்புப் படிவத்தை வாங்கி உண்மையாக நிரப்புங்கள். ஆஸ்துமா, மூச்சிரைப்பு போன்ற கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினாலும் டைவிங் மருத்துவம் தெரிந்த மருத்துவர் ஒருவர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்; அதற்கான கட்டணம் உங்கள் கையிலிருந்துதான் போகும். சிறு வயதில் வந்து போன வீசிங் என்பதற்காக எல்லோரையும் மறுத்துவிடுவதில்லை. ஆயினும் நுரையீரலில் காற்று அடைபட்ட நிலையில் மேலே வந்தால், நீரழுத்தம் குறையக் குறைய அந்தக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும் என்பதால், இந்த ஒரு கேள்வியில் எதையும் மறைக்கக் கூடாது. மருத்துவர் மறுத்தால் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்பதைக் கிளப்பின் பொருளாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

180 பவுண்டு அதிகமா என்றால், இல்லை. பிரிட்டனின் பல்கலைக்கழக டைவிங் கிளப்புகளில் பல, 1953இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்பின் கிளைகளாக இயங்குகின்றன. அங்கே கற்பிப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். நீங்கள் கொடுப்பது நீச்சல் குள வாடகைக்கும், பொதுச் சாதனங்களின் பராமரிப்புக்கும், தலைமைச் சங்கத்தின் சந்தாவுக்கும் போகிறது. ஆசிரியரின் ஊதியத்தையும் கடை வாடகையையும் சேர்த்து வசூலிக்கும் தனியார் மையத்தில் இந்தத் தொகைக்கு இவ்வளவு பயிற்சி கிடைப்பது அரிது. இதற்கு ஈடாக நீங்கள் கொடுப்பது நேரம். இலையுதிர் காலம் முழுவதும் குளத்தில் பயிற்சி, இடையிடையே பாட வகுப்பு, திறந்த நீரில் இறங்குவது பெரும்பாலும் வசந்த காலத்தில்தான். உங்களுடையது ஓராண்டுப் படிப்பு. கோடையில் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கும். ஆகவே திறந்த நீர்ப் பயிற்சி எந்த மாதம் என்று சேரும்போதே கேளுங்கள். ஜூன் மாதத்துக்குள் முடியாது என்றால் கட்டணம் பாதியானாலும் அது உங்களுக்கு நஷ்டமே.

கடன் பாக்கிக்கு வருகிறேன். அது சேமிப்பு அல்ல. எடுக்கும் நாளிலிருந்து வட்டி ஏறும் பணம். ஒரு பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,100 பவுண்டு என்பது 1,26,500 ரூபாய். படிப்புக் காலமும் அதன்பின் ஆறு மாதமும் சேர்ந்த 18 மாதத் தவணை விடுப்பில் 11 சதவீதத் தனி வட்டியே ஏறத்தாழ 20,900 ரூபாய் ஆகிவிடும். அதையும் அசலோடு சேர்த்துப் பத்தாண்டுகளில் அடைத்தால் மாதம் சுமார் 2,030 ரூபாய் வீதம் மொத்தம் 2.44 லட்சம் ரூபாய் கட்டியிருப்பீர்கள். அதற்குள் அந்தச் சாதனம் யார் வீட்டுப் பரணில் கிடக்குமோ தெரியாது. தவிர, படிப்புக்கென்று அனுமதித்த தொகையை வேறு செலவுக்குத் திருப்புவது கடன் நிபந்தனைகளுக்கு முரணானது; வங்கி ரசீது கேட்டால் டைவிங் கடையின் பில்லைக் காட்ட முடியாது. அந்த 2 லட்சம், வேலை போனாலோ வாடகை ஏறினாலோ கைகொடுக்க வேண்டிய பணம்.

அந்த செட்டின் விலை 1,100 பவுண்டோடு நின்றுவிடாது. சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தக்க அழுத்தத்தில் வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை ஆண்டுதோறும் சர்வீஸ் செய்வது வழக்கம். சிலிண்டரின் கழுத்துக்குக் கீழே, தோள் பகுதியில், கடைசியாகச் சோதித்த தேதியைப் பொறித்திருப்பார்கள்; பிரிட்டனில் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை உட்புறச் சோதனையும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனையும் நடக்க வேண்டும். தேதி தாண்டிய சிலிண்டரில் காற்று நிரப்பித் தர மாட்டார்கள். குளிர்நீரில் உடல் நனையாமல் காக்கும் டிரை சூட் என்ற உடையில் கழுத்தையும் மணிக்கட்டையும் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் பட்டை நகம் பட்டாலே கிழியும். வேறொருவர் அளவுக்குத் தைத்த சூட்டில் அந்த இடங்கள் வழியாகத் தண்ணீர் இறங்கும். இவ்வளவு பராமரிப்பும் கிளப்பின் பொறுப்பில் இருக்கும்போது அதை ஏன் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? இந்த ஆண்டு ஒரு மாஸ்க் மட்டும் வாங்குங்கள். அது முகத்துக்கு முகம் மாறுவது. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தபின்னும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுக்கானது.

எகிப்துப் பயணத்துக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை உங்கள் மிச்சம் 540 பவுண்டு; கிளப் கட்டணம் போக 360. அதிலிருந்துதான் வார இறுதிப் பயிற்சிப் பயணங்களுக்கும் மருத்துவருக்கும் மாஸ்க்குக்கும் கொடுக்க வேண்டும். செங்கடலின் பவளப் பாறைகள் அழகானவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீங்கள் குடியிருக்கும் ஊரைப் பாருங்கள். 2004இல் செயற்கைப் பாறையாகப் பயன்படட்டும் என்று வேண்டுமென்றே மூழ்கடித்த போர்க்கப்பல் ஸ்கில்லாவும், 1945இல் டார்பிடோ தாக்கி மூழ்கிய ஜேம்ஸ் ஈகன் லேன் சரக்குக் கப்பலும் பக்கத்திலுள்ள விட்சண்ட் விரிகுடாவில்தான் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கத் தொலைவிலிருந்து வருகிறவர்கள் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் செலவழிக்கிறார்கள். உங்களுக்கு அந்த இரண்டு செலவும் இல்லை. கோடையிலும் நீர் 16, 17 டிகிரிதான் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் உறுப்பினர் சந்தாவில் அடங்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீடு. அதாவது உங்களால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது. உங்கள் சிகிச்சைச் செலவை அது ஏற்காது. பிரிட்டனுக்குள் இருக்கும்வரை, விசாவுடன் நீங்கள் கட்டிய ஆண்டுக்கு 776 பவுண்டு உடல்நலக் கட்டணம் உங்களை அரசு மருத்துவச் சேவைக்குள் வைத்திருக்கிறது. வேகமாக மேலே வந்து பாதிக்கப்பட்ட டைவரை உயர் அழுத்தக் காற்றறையில் வைத்துக் குணப்படுத்தும் அழுத்த அறைச் சிகிச்சை மையமும் பிளைமவுத்திலேயே உண்டு. பின்னாளில் வெளிநாட்டில் டைவ் செய்யப் போனால், உங்கள் தகுதிக்குரிய ஆழம்வரை டைவிங்கையும் அழுத்த அறைச் சிகிச்சையையும் பெயர் சொல்லி ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சம்பாதிப்பது பற்றிக் கேட்டீர்கள். மாணவர் விசாவில் விளையாட்டுப் பயிற்சியாளராகவோ சுயதொழிலாகவோ பணிபுரிய அனுமதி இல்லை. ஆகவே இப்போதைக்கு அந்த எண்ணமே வேண்டாம். ஆனால் கிளப்பில் நீங்கள் பெறும் முதல் நிலைச் சான்றிதழான ‘ஓஷன் டைவர்’ வீண்போகாது. 20 மீட்டர் ஆழம்வரை செல்லத் தகுதி தரும் அது, ஆசிரியரின் மேற்பார்வையின்றி இணையோடு டைவ் செய்பவருக்கான சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டது. அந்தமானில் போய்க் காட்டினாலும் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. கல்விக் கடனோடு சேர்த்து வங்கி உங்கள் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்திருந்தால், அதன் ஆவணத்தில் சாகச விளையாட்டு பற்றிய விலக்கு இருக்கிறதா என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். இனி புதிதாக டேர்ம் பாலிசி எடுக்கும்போது, ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்ற கேள்விக்கு ஸ்கூபா டைவிங் என்று தவறாமல் எழுதுங்கள். பிரீமியம் சற்றுக் கூடலாம்; மறைத்தால் பின்னாளில் கிளெய்ம் தொகைக்காக அலைய வேண்டியவர்கள் உங்கள் பெற்றோர்.