ரெண்டர் பாதியில் லேப்டாப் மந்தமாகிறது: வாரண்டியில் கேட்கலாமா?

கேள்வி: ஐ7-12700எச் பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸும் உள்ள லேப்டாப் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் (காட்சியை இறுதிப் படமாகக் கணக்கிட்டு எடுப்பது) போட்டால் முதல் ஒரு நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு மந்தமாகிவிடுகிறது. கீபோர்டில் கை வைக்க முடியாத சூடு. சர்வீஸ் சென்டரில் "இது நார்மல்தான்" என்கிறார்கள். கூலிங் பேட் வாங்கட்டுமா, லேப்டாப்பையே மாற்றிவிடட்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். வாரண்டி இன்னும் இருக்கும். முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

சர்வீஸ் சென்டர் சொல்வதில் பாதி உண்மை. உங்கள் பிராசஸர் கொஞ்ச நேரத்துக்கு 115 வாட் வரை இழுக்கும். அப்புறம் 45 வாட்டை ஒட்டி இறங்கிவிடும். இன்டெல் வடிவமைத்ததே அப்படித்தான். முதல் நிமிட வேகம் கடைசிவரை நிற்காது. ஆனால் எதுவரை இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பிராசஸரின் பெரிய கோர்களுக்கு (உள்ளே கணக்குப் போடும் வேகமான பகுதிகளுக்கு) அடிப்படை வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ். சூடு 100 டிகிரியை முட்டி, வேகம் 2.3-க்கும் கீழே போய் அங்கேயே கிடந்தால் அதை நார்மல் என்று ஏற்காதீர்கள். விசிறி, பிராசஸர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், உள்ளே அடைந்த தூசி ஆகியவற்றில் ஏதோ ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

வாய்ப்பேச்சாகச் சொன்னால் எடுபடாது. லேப்டாப்பை மேசைமேல் வைத்து, அதனுடன் வந்த சார்ஜரையே செருகி, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சூடும் வேகமும் பதிவாகும்படி போட்டுவிட்டு அரை மணி நேரம் ரெண்டர் ஓட்டுங்கள். (வாட் குறைந்த வேறு சார்ஜர் என்றால் அதனாலேயே வேகம் குறையும்.) அந்தப் பதிவுடன் போய், அவர்கள் சொல்லும் பதிலை ஜாப் ஷீட்டில் (சர்வீஸ் விவரம் எழுதும் தாளில்) எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித்தர வேண்டும் என்றாலே பல இடங்களில் பதில் மாறும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவரை லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றாதீர்கள். அதையே சாக்காகச் சொல்லி வாரண்டியை மறுக்கக்கூடும்.

இதற்கிடையே பிளெண்டரில் ஒன்றைப் பாருங்கள். பிரிஃபரன்சஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ஆப்டிஎக்ஸ் (ஆர்டிஎக்ஸ் கார்டில் ரெண்டர் ஓட்டும் முறை) தேர்ந்தெடுத்து, கிராபிக்ஸ் கார்டை மட்டும் டிக் செய்யுங்கள். பட்டியலில் உள்ள பிராசஸரின் டிக்கை எடுத்துவிடுங்கள். ரெண்டர் அமைப்பிலும் டிவைஸ் 'ஜிபியு கம்ப்யூட்' என்று இருக்கட்டும். பல லேப்டாப்களில் பிராசஸர், கார்டு இரண்டுக்கும் சூட்டை வெளியேற்றும் வெப்பக் குழாய்கள் பொது. பிராசஸர் ஓய்ந்தால் கார்டுக்கு மூச்சு கிடைக்கும், ரெண்டரும் பெரும்பாலும் சீக்கிரமே முடியும்.

கூலிங் பேட் சில டிகிரி குறைக்கும், அவ்வளவுதான். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வைத்தாலே ஓரளவு பலன் கிடைக்கும்.