லோடு ஏற்றினால் லாரி ஹெட்லைட் மேலே அடிக்கிறது. திருப்பக்கூடிய ரிஃப்ளெக்டரை எப்படி அமைப்பது?

மூன்று தாங்குபுள்ளிகள் போதும், ஆனால் 'ட' வடிவில் இருக்கட்டும்: மூலையில் உருண்டை மூட்டு, அதற்கு நேர்மேலே ஒரு ஸ்க்ரூ, பக்கவாட்டில் இன்னொன்று. இந்தச் செங்கோணம் தப்பினால் உயரத்தைத் திருத்தும்போது வெளிச்சம் பக்கவாட்டிலும் நகரும். மூட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் 100 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. என்றால், ஒரு சுற்றுக்கு 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் வெளிச்சம் 10 செ.மீ. நகரும். பல்பும் ரிஃப்ளெக்டரோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். தனியாக நின்றால் குவியம் தப்பி ஒளி சிதறும். வயருக்குக் கொஞ்சம் தொய்வு விடுங்கள்.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டிக்கு முதலில் போவது மூட்டின் உருண்டையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம்தான். பல்புச் சூட்டில் இளகி, அதிர்வில் ஆட்டம் கொடுக்கும். கண்ணாடி இழை கலந்த நைலான் போட்டு, ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடியுங்கள். காலி வண்டியில் மட்டும் திருத்திவிட்டால், லோடு ஏறிப் பின்பக்கம் அமுங்கியதும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். மேல் ஸ்க்ரூவைக் கேபினிலிருந்து திருகும்படி கேபிள் கொடுப்பது நல்லது.