நிலைப்படியில் ஓலையும் வேம்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தர்மபுரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. வாசல் நிலையில் குருத்தோலைச் சிலுவை இருக்கும். போகியன்று பக்கத்திலேயே காப்பும் கட்டுவோம். இப்போது ஏழு மாதக் குழந்தையின் கழுத்தில் மாமியார் கறுப்புக் கயிற்றில் ஆசீர்வாதப்பர் (புனித பெனடிக்ட்) பதக்கம் கட்டியிருக்கிறார். இது விசுவாசமா, தாயத்துக்குப் போட்ட சிலுவை வேஷமா? கழற்றிவிடலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வேஷம் என்று சொல்லாதீர்கள். உங்கள் மாமியார் எதையும் ஒளிக்கவில்லை. என்ன சின்னம் என்பதோடு, அதை எங்கே வைக்கிறார்கள், எப்போது மாற்றுகிறார்கள் என்றும் பாருங்கள். பழசு தங்கியிருப்பது அங்கேதான்.

வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்துக் கட்டிய காப்பு அடுத்த போகிவரை இறவாரத்தில் காய்ந்து கிடக்கும். குருத்து ஞாயிற்றன்று கோவிலில் தந்த குருத்தோலையும் ஒரு வருடம் நிலையில் இருந்துவிட்டு, சாம்பல் புதனுக்குமுன் கோவிலுக்குத் திரும்பி எரிந்து, நெற்றிச் சாம்பலாகிறது. ஓலை பிடித்து இயேசுவை வரவேற்றது யோவான் நற்செய்தியில் உண்டு. அதை வாசலில் செருகச் சொல்லும் வசனம் கிடையாது. அதற்காக இதை நம்மூர் வழக்கம் என்றும் முடிவுகட்ட வேண்டாம். ஆல்ப்ஸ் மலைக் குடியானவர்களும் குருத்து ஞாயிற்றில் மந்திரித்த கிளைகளை இடிக்குப் பயந்து வீட்டிலும் தொழுவத்திலும் வயலிலும் வைத்தார்கள். வேதம் கொண்டுவந்த ஐரோப்பாவுக்கும் தன் காப்பு இருந்தது.

'மந்திரித்த' என்று எழுதினேனே, ஆசீர்வதிப்பதற்கு நம் கத்தோலிக்கரின் பழைய சொல்லே அதுதான். சாமியார் வீடு மந்திரிப்பார், செபமாலை மந்திரிப்பார். தாயத்துக்கும் அதே வினைச்சொல்தான்.

இனி அந்தப் பதக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுச் சிலுவையில் மேலிருந்து கீழாக சி, எஸ், எஸ், எம், எல். குறுக்கே என், டி, எஸ், எம், டி. லத்தீன் வரிகளின் முதலெழுத்துகள் இவை: 'சிலுவையே எனக்கு ஒளி, நாகம் எனக்கு வழிகாட்டியாக வேண்டாம்.' விளிம்பில் 14 எழுத்துகள். 'சாத்தானே, அப்பாலே போ' என்று தொடங்கும் வரிகள் அவை. 1647இல் பவேரியாவில் சூனியக்காரிகள் என்று சிலரை விசாரித்தபோதுதான் மெட்டன் மடத்துச் சுவரிலிருந்த இந்த எழுத்துகளின் பொருளைத் தேடினார்கள்; மடத்துப் பழைய ஏட்டில் விளக்கம் கிடைத்தது. 1742இல் பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் பதக்கத்துக்கு அனுமதி தந்தார். உள்ளூர்த் தகட்டின் கட்டங்களில் அடைத்த அட்சரங்களைப் போலவே, படிக்கத் தெரியாதவரையும் இந்த எழுத்துகள் காக்கும் என்ற நம்பிக்கை இதில் ஒட்டிக்கொண்டது. உலோகத்துக்கும் எழுத்துக்கும் தனிச் சக்தி இல்லை, பலன் செபத்தால் என்பதே திருச்சபையின் போதனை. இந்த இழுபறி நேற்று வந்ததல்ல: 4ஆம் நூற்றாண்டிலேயே லவோதிக்கேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம், குருக்கள் தாயத்து செய்யக்கூடாது என்று விதித்தது. செய்துகொண்டிருந்தவர்கள் இருந்ததால்தானே விதி!

கழற்றுவது பற்றி: கழுத்திலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள், நம்பிக்கைக்காக அல்ல. தவழும் பிள்ளையின் கழுத்துக் கயிறு எதிலாவது மாட்டினால் மூச்சை இறுக்கும். அரைஞாணுக்கும் மாற்ற வேண்டாம். மலிவு உலோகத்தில் ஈயம் கலந்திருக்கலாம், பிள்ளை எதையும் வாயில் வைக்கும். மாமியாரையே கூப்பிட்டு, அவர் கையாலேயே நிலையில், அந்த ஓலைக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள்.